மக்காத பாயசக் கோப்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் பத்திரிகையில் விருந்துச் சாப்பாடு செய்துகொடுக்கும் ஒருவரின் விளம்பரம் பார்த்தேன். 'எங்கள் கோப்பைகள் நூறு வீதம் மக்கும், அப்படியே பச்சைத் தொட்டியில் போடலாம்' என்று இருந்தது. பச்சைத் தொட்டி என்றால், இங்கே கனடாவில் சமையலறைக் கழிவைப் போட்டு எடுக்க வைக்கும் தொட்டி. அவரோடு எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த வருடம் ஆவணியில் பேரனுக்குப் பிறந்தநாள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மண்டபம் எடுத்துச் செய்தோம். பாயசத்துக்கு 150 கோப்பைகள் வாங்கினோம். கண்ணாடி மாதிரித் தெளிவான கோப்பைகள், சோளத்தில் செய்தவையாம். அடியில் 'கம்போஸ்டபிள்' என்று புடைப்பாக எழுதியிருந்தது. விலை கொஞ்சம் கூடத்தான். "பரவாயில்லை மாமி, மண்ணுக்கு நல்லதுதானே" என்றாள் மருமகள். மண்டபத்தில் பச்சைத் தொட்டி இல்லாததால் எல்லாவற்றையும் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒட்டியிருந்த சவ்வரிசியைத் தட்டிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தொட்டிக்குள் வைத்தேன். அப்படி அடுக்கினதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அடுத்த நாள் மகன் மாநகரத்தின் தகவல் இலக்கமான 311-க்கு அடித்துக் கேட்டான். குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார்களாம்.

எனக்கு நம்ப முடியவில்லை. அதே பச்சைத் தொட்டிக்குள் சாதாரண பிளாஸ்டிக் பையில் கட்டி மீன் செதிலைப் போடுகிறோம், குழந்தையின் டயப்பரைப் போடுகிறோம், எடுத்துக்கொண்டு போகிறார்கள். மக்கும் என்று எழுதின கோப்பை மட்டும் கூடாதா?

காரணம் பிறகுதான் விளங்கியது. ரொறன்ரோவின் பச்சைத் தொட்டிக் கழிவு டிஸ்கோ வீதியிலும் டஃபரினிலும் உள்ள ஆலைகளுக்குப் போகிறது. அங்கே முதலில் தண்ணீர் விட்டுக் கூழாக அடித்து, பிளாஸ்டிக்கை வடித்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் கூழைக் காற்றில்லாமல் நொதிக்க வைத்து வாயு எடுக்கிறார்கள். வடிக்கிற இயந்திரத்துக்குக் கோப்பையின் அடியில் இருக்கும் எழுத்தை வாசிக்கத் தெரியாது. சோளக் கோப்பையும் சாதாரண பையும் அதற்கு ஒன்றுதான். வடித்தது எல்லாம் ஒன்ராறியோவில் உள்ள லண்டனுக்குக் கிட்ட மாநகரம் 2007-இல் வாங்கின கிரீன் லேன் குப்பைமேட்டுக்குப் போகிறது. அது இங்கிருந்து 200 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது.

தங்கச்சி பிரம்டனில் இருக்கிறாள். அங்கே கதை நேர்மாறு. பீல் பிராந்தியத்தில் பச்சைத் தொட்டிக்குள் சாதாரண பிளாஸ்டிக் பை போடக்கூடாது, மக்கும் முத்திரை உள்ள பையோ கடதாசிப் பையோதான். டயப்பரும் கூடாது. என் வீட்டுப் பழக்கத்தில் ஒருநாள் அவள் வீட்டுக் கழிவைக் கடைப்பையில் கட்டிப் போட்டுவிட்டு வந்தேன். தொட்டியை எடுக்காமல் விட்டுப் போய்விட்டார்கள். கோடை நாள், உள்ளே இறால் கோது. அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

அப்புறம், விடாமல் ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். ஒரு கோப்பையை மட்டும் எடுத்துவைத்திருந்தேன். அதை எங்கள் பின்வளவுக் கூட்டெருப் பெட்டிக்குள் நடுவில் புதைத்தேன். உரும்பிராயில் ஐயா வெங்காயத் தோட்டத்துக்குக் குழை தாழ்த்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். பூவரசங் குழை மண்ணுக்குள் போனால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். பனிக்காலம் போய் வைகாசியில் கிளறினேன். வாழைப்பழத் தோல் இல்லை, முட்டைக்கோது கொஞ்சம், தேயிலைத் தூள் மண்ணோடு மண். கோப்பை அப்படியே இருந்தது. கழுவித் துடைத்தால் இன்னொரு பாயசம் ஊற்றலாம். 'கம்போஸ்டபிள்' என்ற எழுத்தில் ஒன்றுகூட அழியவில்லை.

கோப்பை செய்தவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அந்த முத்திரைக்கான சோதனையை 58 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்துச் செய்கிறார்கள். 180 நாளுக்குள் 90 வீதம் சிதைந்தால் முத்திரை கிடைக்கும். என் பெட்டிக்குள் அந்தச் சூடு எங்கே வரும்? தை மாதம் அதன் மூடியே உறைந்து திறக்க வராது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். வெட்டின புல்லை ரொறன்ரோ மாநகரம் எடுப்பதில்லை, புல்தரையிலேயே விடச் சொல்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய புல்லை எனக்குத் தருவார். நானும் சந்தோஷமாகக் கூட்டெருவில் போட்டு, அதைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் போடுவேன். போன வருடம் அவர் முற்றத்தில் சின்னப் பச்சைப் பலகை ஒன்று குத்தியிருந்தது. புல்லு வெட்டும் கம்பனியின் விளம்பரம் என்றுதான் நினைத்தேன். பேரன்தான் குனிந்து வாசித்தான்: "அம்மம்மா, இது மருந்தடிச்ச போர்ட்." மருந்தின் பெயர், அடித்த திகதி, தொலைபேசி இலக்கம் எல்லாம் இருந்தது. இரும்பு கலந்த களைகொல்லி. டாண்டிலயன் எல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. இது அனுமதிக்கப்பட்ட மருந்து என்றார் அவர். சரி, இருக்கலாம். ஆனால் அந்தத் தடவை புல்லை நான் வாங்கவில்லை. ஊரில் மருந்தடித்தால் ஐயா படலையில் நின்று "இண்டைக்கு உள்ளுக்குப் போகாதேங்கோ" என்பார். எங்களுக்கு அதுதான் அறிவித்தல். இங்கே பலகை குத்தி எழுதிவைக்கிறார்கள், நாங்கள் வாசிக்காமல் தாண்டிப் போகிறோம்.

இந்தப் பலகை சும்மா வந்ததில்லை. கியூபெக்கில் ஹட்சன் என்ற சின்ன ஊர், ஜூன் ஏர்வின் என்ற தோல் வைத்தியர் விடாமல் கேட்டதால், 1991-இல் அழகுக்காகப் புல்தரைக்கு மருந்தடிப்பதைக் கட்டுப்படுத்தியது. மருந்தடிக்கும் கம்பனிகள் உச்ச நீதிமன்றம்வரை போய் 2001-இல் தோற்றன. ஒன்ராறியோ முழுவதுக்கும் தடை வந்தது 2009 ஏப்ரல் 22-இல். கோல்ப் மைதானங்களுக்கு நிபந்தனையோடு விலக்குக் கொடுத்தார்கள். அது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். 'பச்சைத் தொட்டியில் போடலாம்' என்று விளம்பரம் கொண்டுவருபவரிடம், எந்த ஊர்ப் பச்சைத் தொட்டி என்று ஒரு கேள்வி கேளுங்கள். சித்திரையில் தோட்டவேலை தொடங்கும்போது ரொறன்ரோ, பீல், யோர்க், டூரம் நான்கிலும் தொட்டிக்குள் எது போகும், எது போகாது என்றும், அந்தப் பலகையை எப்படி வாசிப்பது என்றும் தமிழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். 311-க்கு அடித்துத் தமிழ் வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள் என்பதே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது.

இந்த வருடப் பிறந்தநாளுக்கு சில்வர் பேணி 150 சேர்த்துவிட்டேன். பாதி என்னுடையது, மீதி கோயில் மடப்பள்ளியில் இரவல். கழுவ ஆள் பிடிப்பதுதான் பாடு. மருமகள் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ