இணையும் விமான நிறுவனங்களும் திருச்சித் தடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. பங்கு எத்தனை விழுக்காடு, கடன் எத்தனை கோடி, புதிய நிர்வாகி யார் என்பனவெல்லாம் அவற்றில் விரிவாக இருக்கும். அந்த இணைப்பால் திருச்சியிலிருந்து கிளம்பும் விமானங்களில் இருக்கை கூடுமா குறையுமா என்பது மட்டும் இருக்காது. மன்னார்குடியில் நெடுங்காலம் வணிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என்னிடம் படித்தவர்களில் கணிசமானோர் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதிகளில் விமானச் சீட்டின் விலை அரிசி விலையைப் போல வீட்டுக் கணக்கில் வருவது. ஆகவே இந்தப் பொருளை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்துச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விஸ்தாராவில் 49 விழுக்காடு பங்கு வைத்திருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம், இணைப்புக்குப் பின் ஏர் இந்தியாவில் 25.1 விழுக்காட்டுக்கு உரிமையாளர் ஆயிற்று. இது டெல்லி, மும்பைக்காரர்களின் விவகாரம் என்றே இங்கே பலரும் நினைத்தோம். ஆனால் திருச்சி–சிங்கப்பூர் தடத்தில் பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். அதே தடத்தில் பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். கடைத்தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஜவுளிக்கடைகளில், ஒரு கடைக்காரர் எதிர்க்கடையில் கால் பங்குக்குக் கூட்டாளியாகிவிட்டால், ஆடித் தள்ளுபடியை முதலில் அறிவிக்க இருவருக்குமே பழைய அவசரம் இருக்காது. இதில் சதி என்று எதுவும் தேவையில்லை. முதலீட்டின் இயல்பே அது.

இந்த ஐயம் எனக்கு மட்டும் தோன்றியதல்ல. சிங்கப்பூர் அரசின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் இதே இணைப்பை ஆராய்ந்து, 2024 மார்ச்சில் நிபந்தனையுடன் அனுமதி தந்தது. அது கவலை தெரிவித்த நேரடித் தடங்கள் நான்கு: டெல்லி, மும்பை, சென்னை, திருச்சிராப்பள்ளி. அந்த நான்கிலும் கொரோனாவுக்கு முன்பிருந்த அளவுக்கு வாராந்தர இருக்கை எண்ணிக்கையைப் பேணுவதாக நிறுவனங்கள் உறுதியளித்தன. அதைச் சரிபார்க்கத் தனித் தணிக்கையாளரும் உண்டு. தலைநகரங்களின் வரிசையில் எங்கள் ஊரின் பெயரை எழுதி வைத்தவர்கள் சிங்கப்பூர் அதிகாரிகள் என்பதைப் படித்தபோது மகிழ்ச்சியும் சங்கடமும் ஒருசேர வந்தன. இந்தியப் போட்டி ஆணையமும் 2023 செப்டம்பரில், நிறுவனங்கள் தாமாக அளித்த உறுதிமொழிகளின் பேரில் இந்த இணைப்பை ஏற்றது. அந்த உறுதிமொழிகள் எந்தத் தடத்தில் எவ்வளவு நிறைவேறுகின்றன என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பயணிக்குப் புரியும் தமிழில் வெளியிடுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று.

போட்டி இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சி விமான நிலையத்தைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. கிழக்கே போகிறவருக்கு ஸ்கூட், ஏர் ஏசியா, பாத்திக் ஏர் என்று வெளிநாட்டு நிறுவனங்களும் உள்நாட்டு நிறுவனங்களும் போட்டியிடுகின்றன. மேற்கே போகிறவரின் நிலை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்துடன் நமக்குள்ள இருதரப்பு ஒப்பந்தத்தில், அந்நாட்டு விமானங்கள் இறங்கலாம் என்று குறித்த ஊர்களின் பட்டியலில் திருச்சி இல்லை. எனவே துபாய்க்கோ சார்ஜாவுக்கோ நேரே போக வேண்டுமானால் இந்திய நிறுவனங்களை விட்டால் வழியில்லை. அவையும் எண்ணிக்கையில் சுருங்கிக்கொண்டே வருகின்றன. என் பழைய மாணவர் ஒருவர், தந்தையின் இறுதிச் சடங்குக்காகத் துபாயிலிருந்து புறப்பட்டபோது, திருச்சிக்குக் கேட்ட கட்டணத்தைப் பார்த்துவிட்டுச் சென்னையில் இறங்கி, இரவோடிரவாக வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். அதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். அவரால் கொள்ளி வைக்க முடியவில்லை, பால் தெளிக்கத்தான் இருந்தார்.

நாடு முழுவதற்குமான கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. உள்நாட்டில் பறப்போரில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் இண்டிகோவிலோ ஏர் இந்தியாக் குழுமத்திலோ பறக்கிறார்கள். இண்டிகோ மட்டுமே 60 விழுக்காட்டுக்கு மேல். சந்தை எவ்வளவு சிலர் கையில் இருக்கிறது என்று அளக்க, ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, கூட்டுத்தொகை 1,800ஐத் தாண்டினால் அது மிகவும் செறிந்த சந்தை. நம் நாட்டில் முதல் நிறுவனத்தின் 60ஐ வர்க்கப்படுத்தினாலே 3,600 ஆகிவிடுகிறது. மற்றவர்களைக் கூட்டவே வேண்டாம். பிளஸ் டூ மாணவன் போடக்கூடிய இந்தக் கணக்கின் பொருள் 2025 டிசம்பரில் எல்லோருக்கும் விளங்கியது. விமானிகளின் பணிநேரம் பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப இண்டிகோ ஆயத்தமாகாததால் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் ஏறிய ஏற்றத்தில், 500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசே வரம்பு கட்ட நேர்ந்தது.

அடுத்து, தலைமையகம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் தலைமையகம் கொச்சியில் இருந்தது. ஏர் ஏசியா இந்தியா முதலில் சென்னையைத் தலைமையிடமாகக் கொள்ளத் திட்டமிட்டு, பிறகு மனம் மாறி, 2014 ஜூனில் பெங்களூரிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2024 அக்டோபர் 1 அன்று இவ்விரண்டும் ஒன்றாயின. ஒன்றான நிறுவனத்தின் தலைமையகம் இன்று குருகிராமில் இருக்கிறது. அதற்கும் முன், 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைந்த சில ஆண்டுகளில், 2013இல், ஏர் இந்தியாவின் தலைமையகம் மும்பை நரிமன் முனையிலிருந்து டெல்லிக்குப் போயிற்று. இணைப்பு எதுவானாலும் வண்டி வடக்கே பார்த்துத்தான் நகர்கிறது. எந்த ஊருக்கு எத்தனை விமானம் என்று முடிவு செய்யும் மேசை கொச்சியில் இருந்தால், வளைகுடாப் பயணியின் ஓணமும் ரம்ஜானும் பொங்கலும் அந்த மேசைக்காரருக்குத் தாமாகவே தெரிந்திருக்கும். குருகிராமில் அதைப் புள்ளிவிவரமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

காவிரிப் படுகைக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் புகைவண்டி வந்த காலத்தில், ரயில்வேயின் உயிர்நாடி நாகையில்தான் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே தன் பணிமனைகளைத் திருச்சிப் பொன்மலையில் ஒருங்கே கூட்டியபோது நாகை தன் பணிமனையை இழந்தது. அதையொட்டிய ஆட்குறைப்பை எதிர்த்தே 1928இல் ரயில்வேத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் 1951 ஏப்ரலில் மூன்று ரயில்வேக்கள் இணைந்து தெற்கு ரயில்வே உருவானபோது, தலைமையகம் என்ற தகுதி திருச்சியை விட்டுச் சென்னைக்குப் போனது. திருச்சி அதைத் தாங்கிக்கொண்டது. பொன்மலைப் பணிமனை இங்கேயே இருந்ததுதான் காரணம். நாகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாற்காலி போவது ஒரு வகை இழப்பு, பட்டறை போவது வேறு வகை இழப்பு என்பதை இந்த இரண்டு ஊர்களையும் பார்த்தவர் எவரும் ஒப்புவர்.

அமெரிக்காவிலும் இந்த வேறுபாடு கண்கூடு. அங்கே டெல்டா என்றே ஒரு பெரிய விமான நிறுவனம் உண்டு. பருத்தி வயல்களுக்கு விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவும் தொழிலில் பிறந்து, மிசிசிப்பி டெல்டாவின் பெயரை 1928இல் சூட்டிக்கொண்ட நிறுவனம் அது. நம்மைப் போன்ற வண்டல் நிலத்துப் பிள்ளை. 1941இல் தன் தலைமையகத்தை லூசியானாவின் மன்ரோ என்னும் சிற்றூரிலிருந்து அட்லாண்டாவுக்குக் கொண்டுபோயிற்று. 2008இல் அது நார்த்வெஸ்ட் நிறுவனத்தை விழுங்கியபோது, நார்த்வெஸ்ட்டின் தலைமையகம் இருந்த மினியாபோலிஸ் பகுதி அலுவலகத்தை இழந்தாலும் விமானங்களைப் பெரிதும் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் நார்த்வெஸ்ட்டின் மையங்களில், அதாவது பயணிகள் விமானம் மாறிச் செல்லும் முக்கிய நிலையங்களில், ஒன்றாக இருந்த மெம்ஃபிஸ், அதாவது அந்த மிசிசிப்பி டெல்டாவின் வடக்கு வாசல், 2013இல் மைய நிலையையே இழந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு இருந்த நேரடி விமானம் அதற்கு முந்தைய ஆண்டே நின்றுவிட்டது. டெல்டாவின் பெயரைச் சுமக்கும் நிறுவனமே டெல்டாவின் ஊரைக் கைவிட்டது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரே நிறுவனத்தின் கோட்டையாக இருந்தவரை மெம்ஃபிஸில் கட்டணம் மிக அதிகம், கோட்டை காலியானபின் மலிவுக் கட்டண நிறுவனங்கள் நுழைந்து விலை இறங்கியது. எனவே தலைமையகமும் மையமும் ஊருக்கு வந்துவிட்டால் எல்லாம் நன்மையே என்று நான் வாதிட மாட்டேன்.

நலிந்த நிறுவனம் இணையாவிட்டால் மூழ்கிவிடுமே என்பது வழக்கமான எதிர்வாதம். 2024 ஜனவரியில் ஜெட்புளூ, ஸ்பிரிட் இணைப்பை அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்பிரிட் திவால் மனு கொடுத்தது. ஆகவே அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இணைந்தவர்கள் மட்டும் பிழைத்தார்களா? ஏர் டெக்கானை வாங்கிய கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஏர் சகாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. தஞ்சாவூருக்கு ஒரு காலத்தில் வாயுதூத் என்னும் அரசு விமான நிறுவனம் பறந்தது. அது நின்றதற்கு ஆள் சேராததே காரணம், இணைப்பின்மீது பழி போட முடியாது. இன்றோ தஞ்சை ஓடுதளத்தில் சுகோய் போர் விமானங்கள் இறங்குகின்றன, பயணிகள் விமானம் மீண்டும் இறங்கவில்லை.

நான் கேட்பது இணைப்புகளை நிறுத்த வேண்டும் என்பதன்று. அனுமதி தரும்போது நாட்டளவுக் கணக்கோடு நில்லாமல், ஊருக்கு ஊர், தடத்துக்குத் தடம் பார்க்க வேண்டும். ஹவாயன் ஏர்லைன்ஸை அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2024இல் வாங்கியபோது, தீவுகளுக்கு இடையிலான சேவையைக் காக்க அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நிபந்தனை விதித்தது. அதுபோன்ற நிபந்தனை இங்கும் எழுதப்படலாம். உள்நாட்டுப் போட்டி சுருங்கும் தடங்களிலாவது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வழி திறக்க வேண்டும். அமீரக ஒப்பந்தத்தில் திருச்சியைச் சேர்ப்பது அதன் முதல் படி. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும்படி கட்டி, 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் அங்கே இருக்கிறது. விமானங்களின் கோடைகால அட்டவணை மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறுகின்றன. அந்த இரண்டு நாட்களிலும் திருச்சித் தடங்களில் இருக்கை கூடியதா குறைந்ததா என்பதைத் தங்கள் நாளிதழ் ஒரு சிறு பட்டியலாக வெளியிடுமானால், எங்கள் மக்களவை உறுப்பினர்களிடம் எடுத்துச் செல்ல எங்களுக்கு ஒரு தாளாவது கையில் இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.