கட்டளையின் புள்ளியில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் கணினிப் பக்கத்தில், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கோப்புகளை அதில் சேர்க்கும் ‘கிட் ஆட்’ கட்டளையின் இறுதியில் நிற்க வேண்டிய புள்ளியை யாரோ தேவையற்றது என்று நீக்கிவிட்டார்கள். அது முற்றுப்புள்ளி அல்ல ஐயா, நாம் நிற்கும் கோப்புறையைக் குறிப்பது. அது இல்லாவிட்டால், எதையும் சேர்க்கவில்லை என்று கிட் கையை விரித்துவிடும். இரண்டு பத்தி தள்ளி, கோப்பின் பெயரோடு முடியும் கட்டளைக்கோ வாக்கியம் முடிந்ததென்று புள்ளி வைத்திருக்கிறார்கள். அப்படியே தட்டுபவருக்குக் கோப்பு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

சிவகாசியில் பாலிடெக்னிக் செய்முறைக் கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் நான். இந்த வம்பு எனக்கு அன்றாடம். கட்டளையில் வரும் இரட்டைச் சிறுகோட்டைத் தட்டச்சு மென்பொருள் தானாகவே ஒரு நெடுங்கோடாக்கிவிடும். நேர் மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். அச்சில் லட்சணமாகத் தெரியும். கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லுக்கு அவை வேறு எழுத்துகள்.

கருவிகளை எழுதுபவர்களிடமும் ஒற்றுமை இல்லை. பைத்தான் நிரல்மொழியோடு வரும், கட்டளைகளை அமைக்க உதவும் ‘ஆர்க்பார்ஸ்’ நிரல்தொகுப்பு, கட்டளையை விளக்கும் உதவி வரியைச் சிறிய எழுத்தில் தொடங்கிப் புள்ளியின்றி முடிக்கிறது. அதே வேலைக்குப் பைத்தானில் உள்ள ‘கிளிக்’, பெரிய எழுத்தில் தொடங்கிப் புள்ளி வைக்கிறது. கையேட்டின் ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒன்றாக இருக்கட்டும். (என்னைக் கேட்டால், முழு வாக்கியமல்லாத விளக்கத்துக்குப் புள்ளி வேண்டாம்.)

கட்டளையை எப்படித் தட்டுவது என்று காட்டும் அடைப்புக்குறிகளில் மட்டும் அந்தத் தாராளம் கூடாது. சதுர அடைப்புக்குள் இருந்தால் விட்டுவிடலாம், மூன்று புள்ளி வந்தால் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம், செங்குத்துக்கோடு வந்தால் இரண்டில் ஒன்று: இது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான ‘போசிக்ஸ்’ தரத்திலேயே உள்ள வழக்கம். நூலாசிரியர் ஓரிடத்தில் சதுரமும் இன்னோரிடத்தில் பிறை அடைப்பும் போட்டால், மாணவர் அடைப்பையும் சேர்த்தே தட்டுவார். பிறை அடைப்பைக் கண்டதும் ஷெல் பிழை காட்டும். மதிப்பெண் போவது மாணவருக்கு.

எனவே கட்டளைகளைத் தனி வரியில், சம அகல எழுத்துருவில் அச்சிடுங்கள். அந்த வரியில் மெய்ப்புத் திருத்துநர் தாமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஐயமிருந்தால் கட்டுரையாளரைக் கேட்கட்டும். பக்கம் அமைப்பவரின் கணினியில் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவைக்கச் சொல்லுங்கள்.

– மெய்ப்புத் திருத்துநர் ஒருவர், சிவகாசி