முதல் வகுப்பிலேயே இருப்புநிலைக் குறிப்பைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் பணம், வங்கியியல், நிதிச் சந்தைகள் பற்றிய அறிமுகப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற பருவத் தேர்வில் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். வங்கிகள் பணத்தை எப்படி உருவாக்குகின்றன என்பது கேள்வி. என் மாணவி ஒருத்தி, வங்கி கடன் கொடுக்கும் அந்தக் கணத்திலேயே புதிய வைப்பு ஒன்று பிறக்கிறது என்று தொடங்கி, கடன் வாங்கியவர் கணக்கில் என்ன ஏறுகிறது, வங்கியின் ஏட்டில் என்ன ஏறுகிறது என்று கட்டம் போட்டுக் காட்டி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மதிப்பெண் பத்துக்கு இரண்டு. மறுமதிப்பீடு கேட்டோம். விடைக்குறிப்பில் பணப் பெருக்கிச் சூத்திரம்தான் இருக்கிறது, அதை அவள் எழுதவில்லை, ஆகவே மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சரியாக எழுதியதற்காக ஒரு மாணவி மதிப்பெண் இழந்ததை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பெருக்கிக் கதை என்னவென்று இந்தப் பாடம் படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் 1000 கொண்டுவந்து வங்கியில் போடுகிறார். சட்டப்படி பத்து சதவீதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வங்கி 900ஐக் கடன் கொடுக்கிறது. அந்த 900 இன்னொரு வங்கிக்கு வைப்பாகப் போகிறது, அந்த வங்கி 810ஐக் கடன் கொடுக்கிறது, இப்படியே போய்ப் போய்க் கடைசியில் 1000 என்பது, அந்தப் பத்து சதவீத விகிதத்தால் வகுத்தால் வரும் 10,000 ஆகிவிடுகிறது. கணக்கு அழகாக வரும், கரும்பலகையில் எழுதச் சுலபம், விடைத்தாள் திருத்த இன்னும் சுலபம். ஆரம்ப ஆண்டுகளில் நானும் இதைத்தான் நடத்தினேன், எனக்கும் இதைத்தான் நடத்தியிருந்தார்கள்.

நடப்பு வேறு. பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் 2014ஆம் ஆண்டின் முதல் காலாண்டு இதழில் இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. வங்கிகள் யாரோ போட்ட வைப்பை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கவில்லை, கடன் கொடுக்கும் செயலே வைப்பை உண்டாக்குகிறது. வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் பணமான இருப்பின் அளவை மைய வங்கி கூட்டிக் குறைக்க, அது பெருகிப் பெருகிக் கடனாக மாறுகிறது என்ற விளக்கமும் இன்றைய நடைமுறைக்குப் பொருந்தாது. இதைச் சொன்னது வங்கிகளுக்கெல்லாம் எதிரான ஏதோ ஒரு குழு இல்லை, 1694இல் தொடங்கிய ஒரு மைய வங்கி. அமெரிக்காவில் 2020 மார்ச் 26 முதல் கட்டாய இருப்பு விகிதமே பூஜ்ஜியம். பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. சூத்திரத்தின்படி பார்த்தால் பூஜ்ஜியத்தால் வகுத்து எல்லையில்லாத பணம் வந்திருக்க வேண்டும், வரவில்லையே. இன்னொன்றும் சொல்கிறேன். 2008 நெருக்கடிக்கு முன் அமெரிக்க வங்கிகள் தங்கள் மைய வங்கியில் வைத்திருந்த இருப்பு 50 பில்லியன் டாலருக்கும் கீழே, 2014இல் அது 2 டிரில்லியனைத் தாண்டியிருந்தது. பெருக்கி உண்மையென்றால் வங்கிக் கடனும் மக்கள் கையில் உள்ள பணமும் நாற்பது மடங்குக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. கட்டாய இருப்பு இன்னும் உள்ள நாடுகளிலும் வங்கி பெரும்பாலும் கடனை முதலில் கொடுத்துவிட்டு, வேண்டிய இருப்பை அப்புறம்தான் தேடிக்கொள்கிறது.

அப்படியானால் வங்கி இஷ்டத்துக்குப் பணம் அடிக்கலாமா என்று மாணவர்கள் உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் அந்த மாணவி போட்ட கட்டம், அதாவது சொத்தையும் பொறுப்பையும் இரண்டு பக்கமாக எழுதும் இருப்புநிலைக் குறிப்பு வேண்டும், அதை முதல் வகுப்பிலேயே வரைந்து பருவம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். இடப்பக்கம் சொத்துகள்: கொடுத்த கடன், வாங்கி வைத்த பத்திரங்கள், மைய வங்கியில் உள்ள இருப்பு. வலப்பக்கம் பொறுப்புகள்: மக்களின் வைப்பு, வெளியில் வாங்கிய கடன், கூடவே உரிமையாளர்களின் மூலதனம். வங்கி ஒருவருக்கு 100 கடன் கொடுத்தால் இடப்பக்கம் கடன் 100 ஏறுகிறது, வலப்பக்கம் அவர் கணக்கில் வைப்பு 100 ஏறுகிறது. எங்கிருந்தும் எதுவும் எடுக்கப்படவில்லை. ஆனால் கடன் வாங்கியவர் அதைச் சும்மா வைத்திருக்கப் போவதில்லை, யாருக்கோ கொடுக்கப் போகிறார், அந்த யாரோ வேறு வங்கியில் கணக்கு வைத்திருந்தால் இந்த வங்கியிலிருந்து அந்த வங்கிக்கு மைய வங்கி இருப்பு நகர வேண்டும். இங்கேதான் பிடி இருக்கிறது. இருப்பு போதாவிட்டால் வட்டி கொடுத்துக் கடன் வாங்க வேண்டும், அந்த வட்டியைத் தீர்மானிப்பது மைய வங்கி. அதற்கு மேல், கடன் வாராக் கடனாகிவிட்டால் அடி விழுவது மூலதனத்தில். நல்ல கடனாளியும் கிடைக்க வேண்டும், லாபமும் வர வேண்டும். ஆக வைப்பு தேவையில்லை என்பதில்லை, வைப்புக்காக வங்கிகள் போட்டி போடுவதற்கே காரணம் இதுதான். கடனைத் திருப்பிக் கட்டும்போது அந்தப் பணம் மறைந்துபோகிறது என்பதையும் இதே கட்டத்தில் காட்டிவிடலாம். இதைக் காட்டும் நாளில் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும், ஒவ்வொரு ஆண்டும் அப்படித்தான்.

மூலதனம் பற்றி ஒரு வார்த்தை. வங்கி மூலதனத்தை "ஒதுக்கி வைத்திருக்கிறது" என்று செய்தியில் எழுதுகிறார்கள், உங்கள் நாளிதழிலும் பார்த்திருக்கிறேன். ஒதுக்கி வைப்பது ரொக்க இருப்பு. மூலதனம் எந்தப் பெட்டிக்குள்ளும் கிடப்பதில்லை, அது வலப்பக்கத்தில் இருப்பது, சொத்துகளை வாங்க உரிமையாளர்கள் தங்கள் கையிலிருந்து போட்ட பங்கு. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது அது. இந்த இரண்டும் குழம்பிப்போனால் வங்கி ஒழுங்குமுறை பற்றி எந்தச் செய்தியும் புரியாது, தயவுசெய்து கவனியுங்கள்.

என்னிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் பங்குச் சந்தை ஆசையோடு வருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பாடத்தின் சந்தைப் பகுதியில் உண்மையான சரக்கு இருப்பது கடன் பத்திரத்தில். முகமதிப்பு 100, ஆண்டுக்கு 3 வட்டி, பத்து ஆண்டில் முதிர்வு என்று ஒரு பத்திரம் இருக்கிறது. சந்தையில் வட்டி 3இலிருந்து 5 ஆகிவிட்டது. புதிதாக 5 சதவீதம் கிடைக்கும்போது 3 தரும் பழைய பத்திரத்தை யார் 100 கொடுத்து வாங்குவார்கள்? கணக்குப் போட்டால் விலை ஏறக்குறைய 84.5க்கு இறங்கிவிடும். அதுவே ஓராண்டில் முதிர்கிற பத்திரம் என்றால் 98தான், பெரிய சேதம் இல்லை. வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும், காலம் நீண்டால் இறக்கம் அதிகம். இவ்வளவுதான். இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைப்பதை விட்டுவிட்டு, அப்படியே பழைய கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். மொத்தச் சொத்து 100, மூலதனம் 8, அந்த நூறில் 40 இந்தப் பத்து ஆண்டுப் பத்திரங்களில் இருக்கிறது. வட்டி 5க்குப் போன அன்று 40இல் ஆறுக்கும் மேல் காணாமல் போகிறது, மூலதனத்தில் மிஞ்சுவது இரண்டுக்கும் கீழே. யாரும் கடனை ஏமாற்றவில்லை, யாரும் திருடவில்லை, பத்திரத்தை வெளியிட்ட அரசு ஒரு தவணைகூடத் தவறவில்லை.

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கிக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். அமெரிக்க மைய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலிருந்து வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. அந்த வங்கியோ நீண்டகாலப் பத்திரங்களை நிறைய வாங்கி வைத்திருந்தது. முதிர்வு வரை வைத்திருப்போம் என்று வகைப்படுத்திவிட்டால் விலை இறக்கத்தை நஷ்டமாக ஏட்டில் காட்ட வேண்டியதில்லை, ஆனால் விற்க வேண்டி வந்தால் நஷ்டம் நஷ்டம்தானே. ஒரு பகுதிப் பத்திரங்களை விற்றதில் 1.8 பில்லியன் டாலர் நஷ்டம் என்று மார்ச் 8 அன்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் வைப்பு வெளியே போனது. 10ஆம் தேதி வங்கியை மூடிவிட்டார்கள். வைப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேல் 2,50,000 டாலர் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது, அதனால்தான் அத்தனை அவசரம். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் வரிசையில் நின்றதை நாங்களெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம், வைப்பை எடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் வங்கிக்கு ஓடும் ஓட்டங்களில், பிரிட்டனில் 1866க்குப் பிறகு வந்த முதல் பெரிய ஓட்டம் அது. 2023இல் வரிசையே இல்லை, கைப்பேசியிலேயே முடிந்துவிட்டது.

பொருளாதார அறிஞர்களான டயமண்ட், டிப்விக் இருவரும் 1983இல் இதைக் கணித மாதிரியாகக் காட்டினார்கள். நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்று வாங்கி, பல ஆண்டு கழித்துத் திரும்பும் கடனாகக் கொடுப்பதுதான் வங்கியின் தொழில். அந்தத் தொழிலுக்குள்ளேயே ஓட்டத்தின் ஆபத்தும் இருக்கிறது, மற்றவர்கள் ஓடுவார்கள் என்று நினைத்தால் நல்ல வங்கியிலிருந்தும் ஓடுவது புத்திசாலித்தனம் ஆகிவிடுகிறது. 2022 அக்டோபரில் அமெரிக்க மைய வங்கியின் முன்னாள் தலைவர் பெர்னான்கியோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், ஐந்து மாதத்தில் உதாரணம் கண் முன்னே வந்து நின்றது. இதைவிட நல்ல பாடப்பொருள் ஆசிரியருக்குக் கிடைக்குமா? ஆனாலும் என் கைக்கு வரும் வினாத்தாள்களில் "வணிக வங்கியின் பணிகள் யாவை?" என்றுதான் இன்னமும் கேட்கிறார்கள்.

வங்கி என்று பெயர்ப்பலகை இல்லாதவற்றுக்கும் இதே கட்டம் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது, மறுநாளே ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற, பலரின் பணத்தைத் திரட்டிக் குறுகியகாலக் கடன் பத்திரங்களில் போடும் பணச்சந்தை நிதியின் ஒரு டாலர் பங்கு 97 சென்ட்டுக்கு இறங்கியது, அது லேமனின் குறுகியகாலக் கடன் பத்திரங்களை வைத்திருந்ததால். போட்டவர்கள் எல்லாரும் அதை வங்கி வைப்பு மாதிரிதான் நினைத்திருந்தார்கள்.

பணத்தின் வரலாறு பகுதியைச் சுருக்கலாம் என்பது என் கருத்து. பண்டமாற்று கடினமாக இருந்ததால் பணம் பிறந்தது என்ற கதைக்கு முழு வகுப்பு கொடுக்கிறார்கள், பண்டமாற்றிலேயே ஓடிய சமூகம் ஒன்றை மானிடவியலாளர்கள் தேடிக் கண்டதில்லை. மைய வங்கிப் பகுதிக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். நெருக்கடியில் நல்ல ஈட்டின் பேரில், உயர்ந்த வட்டிக்கு, தாராளமாகக் கடன் கொடு என்று மைய வங்கிக்குப் பொருளாதார எழுத்தாளர் பேஜட் 1873இல் சொன்னதிலிருந்து, 2008 அக்டோபர் முதல் அமெரிக்க மைய வங்கி இருப்புக்கே வட்டி கொடுத்துச் சந்தை வட்டியைப் பிடித்து வைத்திருப்பது வரைக்கும் ஒரே இழையில் நடத்திவிடலாம். வோல்கர் 1979இல் அமெரிக்க மைய வங்கித் தலைவராக வந்து வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றியதை நடத்தும்போது, பெயரளவு வட்டியிலிருந்து எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்தால்தான் உண்மை வட்டி என்ற பொருளாதார அறிஞர் ஃபிஷரின் கருத்து தானாகவே வந்துவிடும், தனியாக ஒரு வகுப்பு வேண்டாம்.

பழைய சூத்திரத்தைக் கைவிடுவது கஷ்டம் என்று சக ஆசிரியர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. புத்தகம் அப்படி இருக்கிறது, போட்டித் தேர்வுகளில் அப்படிக் கேட்கிறார்கள், ஆரம்பநிலை மாணவர்களுக்கு எளிமையாக ஏதாவது வேண்டும் என்கிறார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். சூத்திரத்தை வேண்டுமானால் கடைசி வாரத்தில், ஒரு காலத்தில் இப்படியும் நினைத்தார்கள் என்று நடத்துங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்கள் விடைக்குறிப்பில் இருப்புநிலைக் குறிப்பு விளக்கத்தையும் ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அதற்குப் பாடத்திட்டக் குழு கூட்டம் போட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். எளிமை என்றால், இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்ற ஒரே ஒரு விதி உள்ள கட்டத்தைவிட எளிமையானது எது? வரலாறு படிக்கிறவர்களும் இயற்பியல் படிக்கிறவர்களும் விருப்பப் பாடமாக எடுத்து என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், கட்டம் அவர்களுக்குப் புரிகிறது. வங்கிக் கணக்கு இல்லாத ஒருவர்கூட அந்த வகுப்பில் இல்லை, தான் போட்ட பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்கள் எல்லாருக்கும் இருக்கிறது.

அந்த மாணவியின் விடைத்தாள் நகல் என்னிடம் இருக்கிறது. அவளிடம் கேட்டுக்கொண்டு, பெயரை மறைத்து, இந்தப் பருவத்தின் முதல் வகுப்பில் அதிலிருந்த கட்டத்தைத்தான் கரும்பலகையில் வரைந்தேன்.

இப்படிக்கு,
பணமும் வங்கியியலும் நடத்தும் ஓர் ஆசிரியை