செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் கூடாரத் தங்கல்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கை முழுக்க, விருந்தினர் தங்க நாம் டென்ட் போடும் தோட்ட நிலத்தைப் பற்றியது.

முடிக்கொத்து நோயில் மலைவாழை போன இடம், காய்ப்பு நின்ற ஆரஞ்சுத் தோட்டம், ஆள் கிடைக்காமல் உண்ணிச்செடி மூடிய காப்பிக்காடு: நம்மில் பெரும்பாலோர் டென்ட் போட்டிருப்பது இப்படிப்பட்ட மண்ணில்தான். பணத்தை முதலில் டென்டில் போடுகிறோம், மிச்சம் இருந்தால் தரையைப் பார்க்கிறோம். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே செயற்குழுவின் கருத்து.

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டி, பீன்ஸ், சௌசௌ போட்ட தட்டுகளில் மேல் அரை அடி மண் பொலபொலவென்று இருக்கும். அதன் கீழே மண்வெட்டியும் மிதியும் பட்டு இறுகிய அடுக்கு. ஐப்பசி மழை அந்த அடுக்கில் இறங்காமல் தேங்கி, டென்டின் அடிவழியாக ஏறும். விருந்தினர் “டென்ட் ஒழுகுது” என்பார், ஒழுகுவது தரை. ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நின்றால், கடப்பாரையால் அந்த அடுக்கை உடைத்துவிட்டு, பத்தடிக்குப் பத்தடி மேடை அரை அடி உயரத்துக்குக் கட்டி, மேலே சரளை பரப்ப வேண்டும். மேட்டுப் பக்கம் அரை அடி ஆழ வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அதை நேராகக் கீழ்த்தட்டுக்கு விட்டால் இரண்டே மழையில், தட்டைத் தாங்கும் கல்சுவரான கல்கட்டு வயிறு தள்ளும். கல்கட்டின் வெளி விளிம்பிலிருந்து ஆறடிக்குள் டென்ட் வேண்டாம். காட்சி நன்றாக இருப்பது அங்கேதான். ஆனால் அது நிரப்பிய மண்.

தார்ப்பாய் விஷயத்தில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறோம். கீழே விரிப்பது டென்டின் அடியைவிடச் சுற்றிலும் நான்கு விரல் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி உள்ளே கொண்டுபோகும். டென்டோடு வரும் மெல்லிய முளைகள் இந்த மண்ணில் பிடிக்காது. ஒன்றரை அடி நீளத்தில் 12 மி.மீ. கம்பியை வெட்டி, தலையை வளைத்து, டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். ஆள் இல்லாத நாளில் டென்டைக் கழற்றி வையுங்கள். துணியைக் கெடுப்பதில் மழையைவிட வெயில் முந்தும்.

வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பாக டென்டின் மேல் கொட்டகை போடும் வழக்கம் பரவியிருக்கிறது. 2025 மே மாதம் வயநாடு மேப்பாடியில் அப்படியொரு கொட்டகை சரிந்து ஓர் இளம்பெண் இறந்தார். மரக்காலை நேரடியாக மண்ணில் நட்டால் தரைமட்டத்தில், கண்ணுக்குத் தெரியாமல், முதலில் உளுக்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைக் கான்கிரீட் அடித்தளத்தில் நிறுத்துங்கள். முடியாதவர்கள் கொட்டகையைப் பிரித்துவிடலாம். டென்டுக்கு அது அவசியமில்லை. நிழலுக்கு நட்ட பழைய கல்யாண முருங்கை உள்ளே கூடாகிப் போயிருக்கும். மண்வெட்டிக் காம்பால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். பலாவின் அடியில் டென்ட் போடுவதற்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது, பழைய விவசாயம் விட்டுப்போன குழிகள். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஒரு குழந்தையைக் கொண்டுபோனது. மூடும் முறையை உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது: கைவிட்ட குழாயை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். சாக்கைக் கட்டிக் கல்லைத் தூக்கி வைத்திருப்பதை மூடி என்று யாரும் கணக்குச் சொல்ல வேண்டாம். திறந்த கிணற்றுக்கு நான்கடிக் கைப்பிடிச் சுவர் கட்டாயம். பழைய மருந்துக் கொட்டகையைச் சமையலறையாக்குவதோ, பூச்சிமருந்து கேனில் தண்ணீர் பிடிப்பதோ எத்தனை தடவை கழுவினாலும் கூடாது.

கழிப்பறைக்கு, இரண்டு குழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழி முறையைச் சங்கம் தொடர்ந்து பரிந்துரைக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் கூட்டம் நிறையும் இடத்தில் செப்டிக் டேங்கில் ஒரே இரவில் தண்ணீர் பாய்ந்து, படிய வேண்டிய கசடு வெளிக்குழாய்க்கு வந்துவிடுகிறது. இரட்டைக் குழியிலும் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கிறது: கழிவை இரண்டு குழிக்கும் பிரிக்கும் ஒய் (Y) வடிவத் தொட்டியில் ஒரு வாயை அடைக்காமல் விட்டு இரண்டு குழியும் சேர்ந்து நிரம்புகின்றன. ஒன்று ஓடும்போது மற்றது குறைந்தது ஒரு வருஷம் ஓய்ந்திருந்தால்தான் மலம் மட்கி எருவாகும். குழி கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில், 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் ஆறடி இடைவெளி வேண்டும். பினாயிலையும் ஆசிட்டையும் ஊற்றிவிட்டு நாற்றம் போகவில்லை என்று சொல்லாதீர்கள். மட்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றதே அவைதான்.

கிணற்று நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். கலந்து ஒரு மணி நேரம் விட்ட பிறகே பயன்படுத்தவும். கலங்கல் நீரில் இது பலிக்காது, தெளியவைத்த பிறகே போட வேண்டும். போன வருஷம் பிரித்த பை ஈரம் வாங்கி வீரியம் இழந்திருக்கும். கொடைக்கானல் மலையில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதையும், பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் என்பதையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

கேம்ப்ஃபயர் பற்றிச் செயற்குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. அது இல்லாவிட்டால் ஆள் வராது என்பது ஒரு தரப்பு. 2018 மார்ச் 11 குரங்கணித் தீ நமக்கு அடுத்த மலையில் நடந்ததுதான். சில்வர் ஓக் சருகு காகிதம்போல் பற்றும். காற்றில் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. முடிவு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திறந்த தீ யாருக்கும் கிடையாது. மற்ற மாதங்களில் குழியைச் சுற்றிப் பத்தடிக்கு வெறுந்தரை, பக்கத்தில் இரண்டு வாளி மணல். ஓடைக் கல்லை அடுக்காதீர்கள், உள்ளே ஈரமிருந்தால் வெடிக்கும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே வைத்துச் சூடு பாருங்கள். வேரில் புகுந்த கனல் மறுநாள் மதியம் வேறிடத்தில் எழும்பும். குளிருக்காகக் கரியடுப்பை டென்டுக்குள் கொண்டுபோவதை எந்த மாதத்திலும் அனுமதிக்கக் கூடாது. அந்தப் புகையில் மணமில்லாத நச்சு இருக்கிறது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

2021 ஜனவரியில் அதே மேப்பாடியில் டென்ட் அருகே ஒரு பெண்ணை யானை கொன்றது. பலாப் பருவத்தில் இங்கும் யானை தோட்டத்துக்குள் வரும். பழுத்ததை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்; உப்பு, வெல்லம், பழம் எதுவும் டென்டில் இருக்கக் கூடாது. சூரிய மின்வேலியில் புல் தொட்டால் மின்சாரம் கசிந்து அழுத்தம் இறங்கும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, எர்த் கம்பியின் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள். வேலிக்கு 2023 விதிகளின்படி பதிவு தேவை. இ.பி. லைனிலிருந்து நேரடியாகக் கொக்கி போடுகிறவருக்குச் சங்கம் துணை நிற்காது.

பட்டா இருந்தாலே எதையும் கட்டலாம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் உள்ள கிராமத்தில் சிமென்ட் போட்டதெல்லாம் அனுமதி வேண்டிய கட்டடம்தான், கழிப்பறை உட்பட. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு. இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது; அக்கம்பக்கத் தோட்டக்காரரின் புகார்களில் முதலிடம் அதற்குத்தான்.

புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு உறுப்பினரும் கிணற்றுச் சுவர், மூடிய ஆழ்துளைக் குழாய், ஒய் தொட்டி, கொட்டகைக் கால் ஆகிய நான்கின் படத்தையும் செயற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாதவரின் பெயர் வரும் பருவத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறாது.

இப்படிக்கு,
செயலாளர்