சிவப்புச் சாய்சதுரம் சிப்காட் வாசலோடு நின்றுவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில் வாயு கசிந்தால் என்ன செய்வது என்று நடந்த ஒத்திகையைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் அதை வரி விடாமல் படித்திருப்பார்கள். ஒத்திகை நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஆலைக்குள் இல்லாமல், முதுநகர் சந்துகளில் தினமும் உருண்டுகொண்டிருக்கும் வாயுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உப்பனாற்றங்கரையில் எங்களுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. விசைப்படகுகளுக்குத் தகடு மாற்றுவது, வலை இழுக்கும் வின்ச் பழுது பார்ப்பது, காஸ் கட்டிங் எல்லாம் என் வீட்டுக்காரரும் மூன்று பையன்களும் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கு, சிலிண்டர் வரவு, சரக்குச் சலானில் கையெழுத்து என் வேலை. கையெழுத்துப் போடுகிறவள் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

எங்களுக்கு வருவது இரண்டு வகை. கறுப்பு நிறத்தில் ஆக்சிஜன். அரக்கு நிறத்தில் டி.ஏ., அதாவது அசிட்டோனில் கரைத்த அசிட்டிலின். டி.ஏ. சிலிண்டருக்குள் வெறும் வாயு மட்டும் இல்லை. பொரி உருண்டை மாதிரி துளை துளையான ஒரு பொருள் அடைத்திருக்கும்; அதில் அசிட்டோன் ஊறியிருக்கும்; அந்த அசிட்டோனில்தான் வாயு கரைந்திருக்கும். இவ்வளவு ஏற்பாடு எதற்கென்றால், அசிட்டிலினைத் தனியாக அழுத்தி அடைத்தால் காற்றும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம், ஒரு தட்டலிலோ சூட்டிலோ அதுவே சிதைந்து வெடிக்கக்கூடியது. தகடு வெட்டும் டார்ச்சுக்கு ஒரு கிலோ பிரஷருக்கு மேல் வைக்காதே என்று பையன்களிடம் என் வீட்டுக்காரர் கத்துவதும் இதனால்தான். சமையல் காஸ் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கிலிருந்து ஒன்பது, பத்து பங்கு வரை இருந்தால்தான் பற்றும். இது இரண்டரை பங்கிலும் பற்றும், எண்பது பங்கிலும் பற்றும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிதம்பரம் சாலையில் சிப்காட்டுக்குப் போகிற டேங்கரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பின்னாலும் பலகை இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 அப்படிக் கேட்கிறது. சரக்கின் பெயர், சரக்கு இன்னதென்று சொல்லும் நான்கு இலக்க யு.என். (ஐ.நா.) எண், ஆபத்து வகைக் குறி, அவசரத் தொலைபேசி எண், தீயணைப்பு வீரர்களுக்கான ஒரு குறியீடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டின் கடைசியில் ஆங்கில ‘ஈ’ எழுத்து இருந்தால், சுற்றியுள்ளவர்களை வெளியேற்றுவதை யோசிக்க வேண்டும் என்று பொருள். தீப்பற்றும் வாயு என்றால் சிவப்புச் சாய்சதுரத்தில் சுடர் படம், கீழே 2 என்ற எண்.

அதே வகை வாயு எங்கள் பட்டறைக்கு எப்படி வருகிறது? குட்டி யானை வண்டியில், படுக்க வைத்து, ஆக்சிஜனோடு சேர்த்து, மேலே தார்ப்பாய் போட்டு. சில சிலிண்டரில் லேபிள் சுரண்டிப் போயிருக்கும். உப்புக்காற்றில் துரு ஏறி, அரக்கும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிற சிலிண்டர்களும் வருகின்றன. கழுத்தில் அடித்திருக்கும் டேர் எடையை, அதாவது வாயு இல்லாத சிலிண்டரின் எடையைப் படிக்க முடியவில்லை என்றால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஏஜென்சிக்காரருக்கு என்மேல் பிரியம் கிடையாது.

“அக்கா, ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுறதுக்கு எதுக்கு நிக்க வெச்சுக் கட்டணும்?” என்று டிரைவர் தம்பி கேட்டார். படுக்க வைத்தால் அசிட்டோன் வால்வுப் பக்கம் வந்துவிடும். வந்த உடனே திறந்தால் வாயுவோடு அசிட்டோனும் ஹோஸில் ஏறும். உள்ளே வாயுவைப் பிடித்து வைத்திருந்த அசிட்டோன் குறையும். அதனால் இறக்கியதும் நிமிர்த்தி வைத்து, நன்றாகப் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். படகுக்காரர் அவசரப்படுத்தினால் எத்தனை பட்டறைகளில் பொறுப்பார்கள்? வண்டியில் ஒரு இரும்புச் சட்டமும் சங்கிலியும் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அந்தச் சட்டத்தை நாங்களே அடித்துத் தருகிறோம் என்றும் சொல்லிவிட்டோம். பதில் இல்லை.

தீப்பற்றும் வாயுவையும் மற்ற வாயுக்களையும் போதுமான இடைவெளி விட்டோ நடுவில் சுவர் வைத்தோ பிரித்து வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள் சொல்கின்றன. எங்களைப் போல ஒன்றிரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் எங்களை வந்து பார்ப்பவரும் இல்லை. எனக்கு உரிமம் வேண்டாம்; ஆனால் யாராவது வந்து பார்க்க வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதை விதியே வேண்டாம் என்று கரையோரத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

படகு வேலை தரையில் நின்று வெட்டுகிற வேலை மாதிரி இல்லை. இன்ஜின் ரூமுக்குள் இறங்கினால் நிமிரக்கூட முடியாது. மதியம் சாப்பிட ஏறும்போது டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டு வருகிறார்கள். டார்ச்சின் திருகு கொஞ்சம் கசிந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் அந்தக் குழி நிறைந்துவிடும். ஆக்சிஜன் கசிந்தாலும் அதே கதை. உடுத்திய துணிகூடப் பொசுக்கென்று பற்றும். எங்கள் பட்டறையில் டார்ச் மேலே வந்த பிறகுதான் ஆள் மேலே வர வேண்டும். சிலிண்டரை மூடிவிட்டு ஹோஸில் இருப்பதையும் காலி செய்ய வேண்டும். வால்வு சாவி சிலிண்டரிலேயே இருக்கும், எவன் பாக்கெட்டுக்கும் போகாது. கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர்தான், தீக்குச்சி கிடையாது.

செம்பைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். அறுந்த ஹோஸை ஒட்டுப்போட, ஏசி மெக்கானிக்கிடம் மிச்சமான செம்புக் குழாய்த் துண்டைச் செருகுகிற பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அசிட்டிலின் செம்போடு சேர்ந்தால் ஒரு உப்பு படியும். அது காய்ந்தபின் லேசாகத் தட்டினாலே வெடிக்கும். இதற்கென்று விற்கிற ஜாயின்டைப் போட்டு, டார்ச் பக்கமும் ரெகுலேட்டர் பக்கமும் சுடர் உள்ளே திரும்பிப் போகாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் மாட்டினால் ஆகிற செலவு, ஒரு படகு வேலைக் கூலியில் தெரியவே தெரியாது.

லேபிளுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம், தீ பிடித்த பிறகு வரப்போகும் ஆட்கள். சமையல் காஸுக்கும் சிவப்புச் சாய்சதுரம்தான், டி.ஏ.வுக்கும் அதேதான். யு.என். எண்தான் வேறு: சமையல் காஸான எல்.பி.ஜி.க்கு 1075, எங்களுடையதற்கு 1001. சுடர் உள்ளே திரும்பிப் போய் டி.ஏ. சிலிண்டர் சூடாகிவிட்டால், வெளியே தீ அணைந்த பின்னும் உள்ளே சிதைவு ஓடிக்கொண்டே இருக்கலாம். முடிந்தது என்று நினைத்து உருட்டினால் அப்போது வெடிக்கும். தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு, தூரத்தில் மறைவாக நின்று தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைத்த சிலிண்டர் சட்டென்று உலர்ந்தால் இன்னும் சூடு இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்த பிறகும் ஒரு நாள் முழுக்கக் காவல் போடுவது உண்டு. 101க்குக் கூப்பிடும்போது “சிலிண்டர் எரியுது” என்று மட்டும் சொன்னால், வருகிற தீயணைப்பு வீரருக்கு இதில் எது தெரியும்? துருப்பிடித்த சிலிண்டர் அவருக்கு எதைச் சொல்லும்?

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. சில்லறை சப்ளை வண்டிகளில் நிற்க வைக்கும் சட்டமும் ஆபத்துக் குறியும் இருக்கின்றனவா என்று போக்குவரத்து அலுவலர்கள் ஒரு நாள் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்க்கட்டும். தீயணைப்புத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து, சிப்காட்டில் நடத்தும் ஒத்திகையில் ஒன்றைத் துறைமுகத்தில் படகு பழுது பார்க்கும் இடத்தில் நடத்தட்டும். காலையில் வைக்க வேண்டாம். படகு கரை சேர்ந்து மீன் ஏலம் ஓடுகிற நேரத்தில் ஒரு ஆளும் வரமாட்டார். பட்டறைக் கதவில் எந்த வாயு, எத்தனை சிலிண்டர் என்று எழுதி வைக்க மாநகராட்சி சொல்லட்டும்.

எங்கள் கதவில் பெயின்டரை வைத்து எழுதியாயிற்று: சாய்சதுரம், சுடர், 1001, அடியில் “டி.ஏ. 2, ஆக்சிஜன் 4”. மாடியில் குடியிருப்பவர்கள் பயப்படுகிறார்கள், அழித்துவிடுங்கள் என்று இடத்துக்காரர் ஆள் அனுப்பினார். கீழே பட்டறையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சிலிண்டர்கள் படிக்கட்டை விட்டு விலகி, காற்றோட்டமான தனி மூலைகளில் சங்கிலி போட்டு நிற்பதை மாடிக்காரர்களைக் கூட்டிவந்தும் காட்டினேன். 2011இல் தானே புயல் அடித்தபோதுகூட அந்தச் சங்கிலி அசையவில்லை. கூரைதான் போயிற்று.

என் பெயரை வெளியிட வேண்டாம். இந்தப் பக்கம் டி.ஏ. கொண்டுவருவது அந்த ஒரு ஏஜென்சிதான். சப்ளையை நிறுத்தினால், பாதி தகடு வெட்டிய நிலையில் கரையில் நிற்கும் படகுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கு பார்க்கும் ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.