குடும்பச் சின்னத்தில் யார் இருக்க வேண்டும்?

அன்புள்ள மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய குடும்பச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கம், கிரீடம், குறுக்கே இரண்டு வாள். கோடுகள் அத்தனை அழகு. ஆனால் அதில் நம் வீட்டு ஆட்கள் ஒருவரும் இல்லையே அம்மா.

ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் இருக்கும். அரசர்கள் வென்றதைப் பொறித்தார்கள். நாம் செய்த வேலையைப் பொறிப்போம்.

என் அப்பாவின் தூக்குக்குண்டு நினைவிருக்கிறதா? பித்தளைக் குண்டு, நூல், மேலே ஒரு சின்னக் கட்டை. கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்றே. கட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் குண்டை இறக்கினால், அது சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். விலகினாலோ இடித்தாலோ சுவர் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தாத்தா கட்டிய ஒவ்வொரு சுவரும் அந்த நூலுக்குப் பதில் சொல்லித்தான் எழுந்தது. உன் அம்மாவின் அம்மா தையல் வேலை செய்தே நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: மேலே ஊசி, அதன் காதில் கோர்த்த நூல் நேராக இறங்கி, முனையில் தூக்குக்குண்டு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே நூல்.

வடிவத்துக்கு ஜப்பானியக் குடும்பச் சின்னங்களான காமோன்களைப் பார். பெரும்பாலும் ஒரு வட்டம், ஒரு நிறம், ஓர் இலையோ பூவோ, அவ்வளவுதான். ஜப்பானை ஆண்ட தொகுகவா குடும்பத்துக்கு மூன்று இலைகளே போதுமாக இருந்தன.

நிறத்துக்கு ஐரோப்பியக் கேடயச் சின்னங்களில் ஒரு பழைய விதி உண்டு. மஞ்சளையும் வெள்ளையையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்க மாட்டார்கள். அடர் நிறத்தின் மேல் அடர் நிறமும் கூடாது. தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டுமே! உன் மஞ்சள் சிங்கம் வெள்ளைத் தரையில் மங்கிப்போவது அதனால்தான். வெள்ளையில் கருநீலம் போடு. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியும் பார். நூல் மறைந்தால் கோட்டைத் தடிமனாக்கு.

அப்புறம், 'உங்கள் குடும்பப் பெயருக்கான சின்னம்' என்று விற்கிறார்களே, அதை வாங்காதே. இங்கிலாந்தில்கூடச் சின்னம் ஒரு பெயருக்குச் சொந்தமல்ல. ஒரு தனி மனிதருக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும்தான். 1484இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற சின்னம் வழங்கும் அமைப்பு இன்றும் அப்படித்தான் வழங்குகிறது.

முடிவு செய்யும் முன் அத்தையிடமும் பெரிய மாமாவிடமும் காட்டு. ஊசியை நேராக நிறுத்துவதா, சற்றுச் சாய்ப்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா