ஸ்டெபிலைசர் வாங்கினால் இசைத்தட்டின் வேகம் சீராகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால், பெல்ட் பூட்டிய இசைத்தட்டு பிளேயரின் வேகம் சீராக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போதும் என்று அதில் சொல்லியிருப்பது தவறு. நம்பி வாங்குபவர்களின் பணம் வீணாகும்.

பழைய பெல்ட் பிளேயர்களில் பெரும்பாலும் இருப்பது ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார். மின்சாரத்தின் அதிர்வெண் (அது நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு) எவ்வளவோ, அதற்கேற்பவே அது சுழலும். 24 துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும். 60 ஹெர்ட்ஸில் 300. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிளேயருக்கு இங்கே பெல்ட் ஓடும் கப்பியை மாற்றுவது இதனால்தான். ஸ்டெபிலைசர் 190 வோல்ட்டை 230 ஆக்கித் தரும். 49 ஹெர்ட்ஸை 50 ஆக்கித் தராது.

ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால் தட்டு 2 சதவீதம் மெதுவாகும். சுருதி ஏறக்குறைய அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். தட்டோடு சேர்ந்து வீணை வாசித்துப் பழகுபவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். இதைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேகத்தைச் சரிபார்க்க உதவும், 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டை வீட்டு விளக்கின் கீழே வைத்துப் பார்த்தால், மோட்டார் மெதுவாகும்போது விளக்கின் துடிப்பும் அதே அளவு குறையும். கோடுகள் அசையாமல் நிற்கும், வேகம் சரியென்றே தோன்றும்.

இன்று மின்தொகுப்பின் அதிர்வெண்ணை 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவு வித்தியாசம் காதுக்குத் தெரியாது. எங்கள் கடலூரில் தொல்லை இன்வெர்ட்டரில்தான். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஊரே இருண்டு கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை. இன்வெர்ட்டர் இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது. சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் இந்த மோட்டார் உறுமும், சூடாகும். அந்த அதிர்வு பலகை வழியாக முள்ளுக்கு ஏறி, கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதன் விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், நிறுத்திப் பாடும் கார்வைக்கு அடியில் ஓர் இரைச்சலாகப் படியும். அந்தக் குரலை அப்படிக் கேட்க மனம் பொறுக்காது.

இதற்கு மருந்து, சொந்தமாகவே சீராக ஏறி இறங்கும் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை உண்டாக்கி மோட்டாருக்குக் கொடுக்கும் தனி மின்வழங்கி. நல்ல வழங்கி, மோட்டாரின் இரண்டு சுருள்களுக்கும் இடையே 90 பாகைக் கட்ட வேறுபாட்டை (இரண்டு அலைகளுக்கும் இடையே கால் சுற்று இடைவெளியை) சரியாக வைக்கும். தட்டு வேகம் பிடித்ததும் வோல்டேஜைச் சற்றுக் குறைக்கும். இரண்டாலும் அதிர்வு அடங்கும். பின்னணி அமைதியாகி, தம்பூராவின் ஒலி முழுமையாகக் கேட்கும். சிலர் சொல்வதுபோல் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க) நாதம் புதிதாகப் பிறந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. தட்டில் பதிவானதற்கு மேல் எதுவும் வராது.

டி.சி. மோட்டார் உள்ள பிளேயர்களின் கதை வேறு. அவற்றில் வோல்டேஜ் முக்கியம்தான். ஆனால் அதைச் சீராக்க வேண்டியது பிளேயருக்குள் இருக்கும் சுற்று. சுவரில் மாட்டும் ஸ்டெபிலைசர் அந்த வேலையைச் செய்யாது.

தளர்ந்த பெல்ட்டையும் தேய்ந்த கப்பியையும் எண்ணெய் வற்றிய பேரிங்கையும் எந்த மின்வழங்கியாலும் சரிசெய்ய முடியாது. முதலில் பெல்ட்டை மாற்றுங்கள். அதற்குச் செலவும் குறைவு.

ஸ்டெபிலைசர் பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இசைத்தட்டு நேயர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.